அத்தாவின் சிட்டையும் எட்டுப் பங்கும்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு வரிசை நின்ற பிறகு, இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்குவதற்கு முன்பாக, மய்யித்தின் (இறந்தவரின்) வீட்டு ஆண்களில் ஒருவர் முன்னால் வந்து ஓர் அறிவிப்புச் செய்வது வழக்கம். இறந்தவர் யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் வாரிசுகளாகிய எங்களிடம் தெரிவியுங்கள், நாங்கள் பொறுப்பேற்றுக்கொள்கிறோம். அவர் யார் மனத்தையேனும் புண்படுத்தியிருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்து மாப்புச் செய்துவிடுங்கள் என்பதே அந்த அறிவிப்பு. பெரும்பாலான ஜனாஸாக்களில் இது அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது; யாரும் வாய் திறப்பதில்லை; தொழுகை தொடங்கிவிடுகிறது. தந்தையாகிய என் அத்தா மவுத்தானபோது பெரிய அண்ணனும் இதையேதான் சொன்னார். அந்த அரை நிமிடப் பேச்சுக்கு உண்மையாக நடந்துகொள்ள எங்கள் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மேல் தேவைப்பட்டது. தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரை அந்தச் சொல் எவற்றுக்கெல்லாம் கடமைப்படுத்துகிறது என்பதை நான் கண்கூடாகக் கண்டது அந்தக் காலத்தில்தான். இதே நிலைக்கு என்றாவது ஒருநாள் வரப்போகிற குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ராவுத்தர் குடும்பத்தில் பிறந்தவள். அரசுப் பள்ளி ஆசிரியை. அத்தா ஏலக்காய் வியாபாரி. மலையில் சிறு தோட்டம் வைத்திருப்பவர்களிடம் காய் வாங்கி, தரம் பிரித்து, போடிநாயக்கனூர் கமிஷன் கடைகளுக்கும் வெளியூர்க் கடைகளுக்கும் அனுப்புவது அவர் தொழில். அம்மா, இரண்டு அண்ணன்மார், ஓர் அக்கா, நான், கணவரை இளம் வயதிலேயே இழந்து பிள்ளைகளோடு தாய்வீட்டில் வாழும் தங்கை ஆகியோரே அவருடைய வாரிசுகள்.

இன்றைக்கு முஸ்லிம் என்ற அடையாளம் நம்முடைய விருப்பத்துக்குக் காத்திருப்பதில்லை. மதுரைக்கு மாற்றலாகி வீடு தேடிய நாள்களில், வாடகையும் முன்பணமும் பேசி முடித்த பிறகு என் பெயரைக் கேட்ட வீட்டுக்காரர் ஒருவர், வீடு வேறொருவருக்கு முடிவாகிவிட்டது என்றார்; அந்த வீட்டு வாசலில் வாடகைக்கு விடும் பலகை அதற்குப் பிறகும் பல வாரங்கள் தொங்கியதை நான் பேருந்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் போனேன். 2017 ஆகஸ்டில் முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், 2019இல் அது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டபோதும், 2022இல் கர்நாடகக் கல்லூரிகளில் ஹிஜாப் விவகாரம் எழுந்தபோதும், ஆசிரியர் அறையில் என்னிடம் கருத்துக் கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் எங்கள் மார்க்கம் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வைத்திருக்கிறதே, அது உங்கள் வீட்டில் நடைமுறையில் கொடுக்கப்படுகிறதா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. வெளியாரை விடுங்கள், எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்திலும் யாரும் கேட்டதில்லை.

உள்ளிருந்து வரும் கேள்விகள் வேறு வகையானவை. தொழுகையில் விரலை அசைக்க வேண்டுமா, கூடாதா; தர்காவுக்குப் போகலாமா; புகழ்ப் பாடலான மவ்லிது ஓதலாமா; நீ எந்த இயக்கம்? கோவையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகன் இந்த இரண்டு வகைக் கேள்விகளுக்கும் நடுவில் அகப்பட்டுத் திணறி, விடுமுறைக்கு வந்தபோது என்னிடம் கேட்டான்: "அம்மா, இதுல எதுக்குமே எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அப்ப நான் முஸ்லிம் இல்லையா?" அவனுக்கு உடனே ஒரு பதிலைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அப்போது நானும் பெரிய அண்ணனும் அத்தாவின் கணக்குகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீயும் வந்து உட்கார், நாங்கள் வாசிப்பதைக் கணினியில் ஏற்று என்றேன். அவன் விடுமுறை முழுவதும் அதிலேயே கழிந்தது.

அத்தாவிடம் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று, கடையில் கணக்கப்பிள்ளை எழுதிய பேரேடு. மற்றொன்று, அத்தா எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்த, சிவப்புத் துணி அட்டை போட்ட குறுகிய சிட்டை. நடையிலும் பயணத்திலும் நினைவுக்கு வருவதையெல்லாம் அதில் பென்சிலால் குறித்துவைத்து, இரவில் அவற்றுள் வேண்டியதைப் பேரேட்டில் ஏற்றச் சொல்வார். பேரேட்டில் ஏறாத வரிகளே எங்களுக்கு வேலை வைத்தன. சில வரிகளின் ஓரத்தில் 'அ' என்று எழுதி வட்டமிட்டிருந்தார். அது அமானிதம், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள், என்பதன் சுருக்கம் என்று அம்மாதான் சொன்னார். அப்படி வட்டமிட்ட வரிகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. 300, 500, ஒரு தீபாவளிக்குப் பிறகு 2,000 என்று, பல ஆண்டுகளாகச் சேர்ந்த தொகை 38,000 ரூபாய். அந்தப் பெயருக்குரியவர் எங்கள் கடைத் தெருவில் மூட்டை தூக்குபவர், இந்து சமயத்தவர். கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று மகளின் திருமணத்துக்காக அத்தாவிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அவரிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை.

உறவினர் ஒருவர், அவரே கேட்டு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். கேட்காமலே போய்விடுவார் என்ற எண்ணம் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. சின்ன அண்ணன் அன்று மாலையே பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடமே ஒப்படைத்துவிடும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் வருகிறது. உரியவர் எந்த மதத்தவர் என்ற பேச்சே அங்கு இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) மக்காவை விட்டு மதீனாவுக்குப் புறப்பட்டபோது, தம்மிடம் மக்காவாசிகள் கொடுத்து வைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள் என்பது நாங்கள் மதரஸாவில் சிறு வயதில் படித்த வரலாறு. ஊரை விட்டே போகும் நிலையை நபியவர்களுக்கு உண்டாக்கியவர்களும் அந்த மக்காவாசிகளே. இன்று நம்மை வெறுப்பதாக நாம் எண்ணும் மனிதர்களின் உரிமையும் நம் கையில் அமானிதமாக இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. அந்தத் தொழிலாளி பணத்தை எண்ணிப் பார்க்கவில்லையாம். "ராவுத்தர்கிட்ட இருந்துச்சு, அதுல கணக்குப் பாக்க என்னப்பா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் வற்புறுத்தி எண்ணச் சொல்லி, அவர் மகளைச் சாட்சியாக வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தார்.

இதிலிருந்து எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம் ஜனாஸா அறிவிப்பைப் பற்றியதுதான். அந்த வரிசையில் நிற்பவர்கள் முஸ்லிம் ஆண்கள் மட்டுமே. அத்தாவுக்குக் காய் கொடுத்த மலைத்தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும் இந்துக்களும். கமிஷன் கடைக்காரர்கள் வெவ்வேறு சமூகத்தவர். காய் தரம் பிரிக்க வந்த பெண்கள் பள்ளிவாசல் வாசலுக்கும் வந்திருக்க மாட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் யாரும் இல்லாத இடத்தில் கடனைக் கேட்டுவிட்டு, யாரும் சொல்லவில்லை, அதனால் கடன் இல்லை என்று முடிவுகட்டுவது சரியாகாது. ஆகவே நாங்கள் பேரேட்டிலும் சிட்டையிலும் இருந்த பெயர்கள் அத்தனையையும் ஒரு பட்டியலாக்கி, தொலைபேசி எண் கிடைத்தவர்களை அழைத்தும், கிடைக்காதவர்களைத் தேடிப் போயும் கேட்டோம். வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களுக்கு அண்ணன்மார் மாறி மாறிப் போய் வந்தார்கள். சிலரிடம் நாங்கள்தான் கொடுக்க வேண்டியிருந்தது. சிலர் எங்களுக்குத் தர வேண்டியிருந்தார்கள். தர இயலாத நிலையில் இருந்தவர்களுக்கு, வாரிசுகள் அனைவரும் சம்மதித்துத் தள்ளுபடி செய்தோம்.

கடன் விஷயத்தில் மார்க்கம் காட்டும் கண்டிப்பு, நோன்பிலும் தொழுகையிலும் காட்டும் கண்டிப்புக்குக் குறைந்ததன்று. கடன் வைத்து இறந்த ஒருவருக்கு நபியவர்கள் தொழுகை நடத்தாமல் தயங்கி நின்றதும், நபித்தோழர் அபூகத்தாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. வீட்டில் தினமும் குர்ஆன் ஓதும் பழக்கமுள்ள எத்தனை பேர், தம்பியிடம் வாங்கிய கைமாற்றைத் தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று வருத்தப்படுகிறோம். எழுதிவைக்கச் சொன்னவனே அல்லாஹ் என்னும்போது அந்த வருத்தத்துக்கு இடமே இல்லை.

சிட்டையில் ஒரு வரி என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. ஒரு மதுரைக் கடையின் பெயர், அதன் பக்கத்தில் '40 கிலோ, ஈரம், சொல்லவில்லை' என்ற குறிப்பு. மழைக்காலத்தில் சரியாக உலராத காய் எடை கூடுதலாக நிற்கும். வாங்குபவருக்குச் சில வாரங்களில் எடையும் நிறமும் குறைந்துபோகும். ஈரத்துக்குக் கழிவு கொடுக்க வேண்டிய சரக்கைக் கழிவில்லாமல் அனுப்பிவிட்டு, அதைச் சொல்ல வேண்டும் என்ற உறுத்தலோடு அத்தா எழுதிவைத்திருக்கிறார். நபியவர்கள் மதீனாச் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், இதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று சொன்ன நிகழ்ச்சி அத்தாவுக்கு நன்றாகத் தெரியும். அதை அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அந்தக் கடைக்காரரை அழைத்து விவரத்தைச் சொன்னார். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பழைய வியாபாரம், அதை விட்டுவிடுங்கள், அவருக்காக நான் விட்டுக்கொடுக்கிறேன் என்றார். விட்டுக்கொடுத்ததையும் தேதியோடு எழுதிக்கொண்டோம். கொடுத்துத் தீர்ப்பதும் உரியவர் மனமுவந்து விடுவதும் இரண்டுமே கணக்கு முடிவதற்கான வழிகள். கேட்காமலே, அவர் விட்டிருப்பார் என்று நாமாக நினைத்துக்கொள்வது வழியாகாது.

எல்லாக் கடன்களிலும் பெரியது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அம்மாவின் நிக்காஹ் நடந்த ஊர் ஜமாஅத்தின் பழைய பதிவேட்டில் மஹர் மூன்று பவுன் என்று எழுதியிருந்தது. அது கொடுக்கப்பட்டதாகப் பதிவு இல்லை. கொடுக்கப்படவும் இல்லை என்று அம்மாவே சொன்னார். மஹர் என்பது மனைவிக்குக் கணவன் தர வேண்டிய கடன். அவன் இறந்துவிட்டால் சொத்தைப் பங்கிடும் முன்பே அதிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட வேண்டியது. நம் ஊர்களில் இதற்கு வேறொரு வழக்கம் உண்டு. மய்யித்தைத் தூக்குவதற்கு முன்னால், அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் போய், மஹரை மாப்புச் செய்துவிட்டாயா என்று வயதான பெண்கள் கேட்பார்கள், அவரும் தலையசைப்பார். எங்கள் அம்மாவிடமும் அப்படியே கேட்டார்கள், அவரும் தலையசைத்தார். அந்த நேரத்தில் எந்தப் பெண்ணாலும் வேறெதுவும் செய்ய முடியாது.

பள்ளிவாசல் மார்க்க அறிஞரான ஹஜ்ரத்திடம் சின்ன அண்ணன் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் கொடுத்த விளக்கம் எல்லாக் குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டியது. நெருக்கடியில் தலையசைத்ததை மனமுவந்த விட்டுக்கொடுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொருளை முதலில் அவர் கையில் கொடுங்கள், அதற்குப் பிறகு அவர் திருப்பித் தந்தால் அது அவர் விருப்பம் என்றார். அம்மாவின் இத்தா, கணவரை இழந்த பெண் காத்திருக்க வேண்டிய நான்கு மாதமும் பத்து நாளும், முடிந்த பிறகு, நகைக் கடையில் வாங்கிய தங்கக் காசுகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தோம். தராசுச் சீட்டில் 24 கிராம் என்று இருந்தது. அம்மா ஒவ்வொரு காசாக எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் தம் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். முன்னர் தலையசைத்தவர் இப்போது எதையும் மாப்புச் செய்யவில்லை. அதைக் கண்டு நான் மிகவும் மகிழ்ந்தேன். மகளுக்கோ சகோதரிக்கோ நிக்காஹ் பேசுகிறவர்கள், மஹரைப் பணமாக எழுதாமல் தங்கமாக எழுதுவதையும், அதை நிக்காஹ் அன்றே கையில் கொடுத்துவிடுவதையும் நான் வற்புறுத்திச் சொல்வேன். பழைய பதிவேடுகளில் 101 ரூபாய் என்றும் 501 ரூபாய் என்றும் எழுதப்பட்ட மஹர்களால் இன்று ஒரு பெண்ணுக்கு ஒன்றுமே வாங்க முடியாது.

இடையில், இறந்தவருக்காக ஓதி விருந்திடும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா குறித்து ஒரு பேச்சு எழுந்தது. அந்த வழக்கம் கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் உண்டு. நான் எழுப்பிய கேள்வி செலவைப் பற்றியது. பங்கிடப்படாத சொத்து அத்தனை வாரிசுகளுக்கும் உரியது. ஊருக்குச் சாப்பாடு போட விரும்புகிறவர் தம் சொந்தப் பணத்தில் போடலாம், பொதுவில் கை வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அத்தாவின் வாரிசுகள் அனைவரும் பெரியவர்கள் என்பதால் சம்மதம் கேட்க வழி இருந்தது. சிறு பிள்ளைகளை விட்டு ஒருவர் இறந்துபோன வீடுகளில், அந்த எத்தீம்களின் பங்கிலிருந்து நாம் பிரியாணி சமைத்துச் சாப்பிடுகிறோமா என்பதை ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும்; எத்தீம்களின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிறுகளில் நெருப்பையே உண்கிறார்கள் என்பது குர்ஆனின் எச்சரிக்கை. அண்ணன்மார் தங்கள் பணத்திலிருந்து, ஊர் விருந்துக்குப் பதிலாக, அரசு மருத்துவமனையில் உள்நோயாளிகளுக்கு உணவு வழங்கினார்கள்.

கட்டாய தர்மமான ஜகாத் விஷயத்தில், மார்க்கச் சட்டப் பள்ளிகளான மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. மரைக்காயர்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், இறந்தவர் கொடுக்காமல் விட்ட ஜகாத் கடனைப் போலவே சொத்திலிருந்து எடுக்கப்படும். எங்களைப் போன்ற ஹனஃபிகளுக்கு, இறந்தவர் வஸிய்யத் (உயில்) செய்திருந்தால் மட்டுமே அது வாரிசுகளுக்குக் கட்டாயமாகும். அத்தா வஸிய்யத் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆயினும் அந்த ஆண்டுக்கான ஜகாத்தைக் கொடுக்க வாரிசுகள் அனைவரும் ஒப்பினோம். கிடங்கில் இருந்த காயின் அன்றைய விற்பனை விலை, கையிருப்பு, வரவேண்டிய நல்ல கடன்கள் ஆகியவற்றைக் கூட்டி, கொடுக்க வேண்டியவற்றைக் கழித்து, மிஞ்சியதில் நாற்பதில் ஒரு பங்கைக் கணக்கிட்டது என் மகன்தான். அதைச் சில்லறையாக வரிசையில் நிறுத்திக் கொடுக்காமல், கடனில் மூழ்கியிருந்த ஒரு தையல்காரரின் கடனை அடைக்கக் கொடுத்தோம். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டவர்களும் அடங்குவர்.

இவையெல்லாம் முடிந்த பிறகே பங்கீட்டுக்கு வந்தோம். அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத், அதற்குப் பிறகு பாகம் என்பதே வரிசை. மனைவி, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள் என்ற எங்கள் குடும்பத்துக்குக் கணக்கு மிக நேராக வந்தது. பிள்ளைகள் இருப்பதால் அம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிச்சம் எட்டில் ஏழு. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அது ஏழு பாகமாகிறது. ஆக மொத்தம் எட்டுப் பங்கில் அம்மாவுக்கு ஒன்று, அண்ணன்மார் ஒவ்வொருவருக்கும் இரண்டு, பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. தாளில் எழுதினால் நான்கு வரி. அந்த நான்கு வரியை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்குத்தான் எங்கள் உறவினர்களோடு மாதக்கணக்கில் பேச வேண்டியிருந்தது.

பெண்களுக்குத்தான் கல்யாணத்தில் சீர் செய்தாயிற்றே, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும் என்பது அவர்களின் வாதம். ஐங்காலமும் தொழுகிறவர்கள், ஹஜ் செய்தவர்கள் இதைச் சொன்னார்கள். திருமணத்தில் ஒரு தகப்பன் மகளுக்குக் கொடுத்தது அவருடைய அன்பளிப்பு. அதை வாரிசுப் பங்கில் கழிக்க மார்க்கத்தில் இடமில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிய வரதட்சணையான கைக்கூலியாக இருந்தால் அது தனிப் பாவம். அந்தப் பாவத்தைக் காட்டி இன்னொரு கடமையைத் தள்ளிவிட முடியாது. பெரிய அண்ணன் எல்லோர் முன்னிலையிலும், "சீர் செஞ்சது அத்தாவோட பிரியம். பங்கு குடுக்குறது என் தலை மேல இருக்குற கடன். நாளைக்கு கபுருல கேள்வி எனக்குத்தான்" என்று சொன்ன பிறகு அந்தப் பேச்சு நின்றது. குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு என்று சொல்லும் வசனமும், பாகப்பிரிவினை வசனங்களின் முடிவில் இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்று சொல்லி, மீறுபவர்களுக்கு நரகத்தை எச்சரிக்கும் வசனமும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. நாம் அவற்றை மிக இனிமையான குரலில் ஓதுகிறோம்.

அடுத்து, தோப்பும் வயலும் விவசாய நிலம், அதில் பெண்ணுக்குப் பங்கில்லை என்றார்கள். 1937ஆம் ஆண்டின் முஸ்லிம் தனியார் சட்ட ஷரீஅத் பயன்பாட்டுச் சட்டத்தில் விவசாய நிலம் விலக்கப்பட்டிருந்தது உண்மையே. ஆனால் சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. எனவே தமிழ்நாட்டில் விவசாய நிலத்திலும் முஸ்லிம் பெண்ணுக்குச் சட்டப்படியே பங்கு உண்டு. இந்த ஒரு செய்தியைத் தெரிந்துவைத்திருப்பது பல சகோதரிகளுக்கு உதவும். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது மகள்களின் பெயர்கள் ஒன்றுவிடாமல் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன பெயரைப் பின்னர் சேர்ப்பது கடினம். வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, நிலத்தையும் வீட்டையும் கடையையும் அன்றைய விலைக்கு மதிப்பிட்டு, யாருக்கு எது என்று பேசி, பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்தோம். வீடு அம்மாவுக்கும் தங்கைக்கும் வந்தது. கடையை அண்ணன்மார் எடுத்துக்கொண்டார்கள். தோப்பு, வயல், ரொக்கம் ஆகியவற்றைக் கொண்டு பங்குகளின் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்துகொண்டோம். பிறகு அக்கா தம் பங்கில் வந்த வயலைச் சின்ன அண்ணனுக்கே விலைக்குக் கொடுத்தார். விலைக்குத்தான், இனாமாக அல்ல. அதற்குப் பிறகும் அவர்கள் பேசிக்கொள்கிறார்கள், பெருநாளுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று பெண்களைப் பயமுறுத்தும் பேச்சு எங்கள் வீட்டில் பொய்த்துப் போனது.

மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்பதைப் பற்றி என் மகன் என்னிடம் நேராகவே கேட்டான். நான் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஆணுக்கு இரண்டு பங்கு வந்திருப்பது, தாய், மனைவி, பிள்ளைகள், ஆதரவற்ற சகோதரி ஆகியோரைப் பராமரிக்கும் பொறுப்போடு சேர்ந்து. பெண்ணின் பங்கிலோ மஹரிலோ சம்பாத்தியத்திலோ குடும்பச் செலவுக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. ஆகவே இரண்டு பங்கை வாங்கிக்கொண்டு தங்கையின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட மறுக்கும் ஓர் ஆண், தாம் விரும்பிய பாதியை மட்டும் மார்க்கத்திலிருந்து எடுத்துக்கொண்டவர் ஆகிறார். எங்கள் அண்ணன்மார் தங்கையின் பிள்ளைகளின் கல்விச் செலவை எழுத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அதே நேரத்தில், குடும்பத்தின் முழுச் சுமையையும் பெண்ணே தாங்கும் வீடுகள் இன்று ஏராளம். மகள்கள் மட்டுமே உள்ள தகப்பன், தாம் இறந்தால் மீதிச் சொத்து சகோதரர்களுக்குப் போகுமே என்று கவலைப்படுவதும் நியாயமே. காசர்கோட்டைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் இந்தக் கவலையால்தான், சொத்து மகள்களுக்கே சேரட்டும் என்று, 2023 மார்ச் 8 அன்று தம் மனைவியையே சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மறுபடி மணந்து பதிவு செய்தார். அந்த வழி எனக்கு ஏற்புடையதன்று. ஆனால் அவரை ஏசியவர்கள், அவர் எழுப்பிய கவலைக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். பதில் மார்க்கத்துக்குள்ளேயே இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது தம் பொருளைப் பிள்ளைகளுக்கு ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாக, கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அன்பளிப்பில் பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடந்துகொள்ளும்படி நபியவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். கொடுப்பதாக அறிவிப்பது, பெறுபவர் ஏற்பது, பொருளை அவர் வசம் ஒப்படைப்பது ஆகிய மூன்றும் நிறைவேறினால் ஹிபா செல்லும். இருந்தாலும் பிற்காலத் தகராறுகளைத் தவிர்க்க எழுதிப் பதிவு செய்துவிடுவதே நல்லது.

என் மகன் விடுதிக்குத் திரும்பும்போது, அவன் கேட்ட கேள்விக்கு நான் தனியாகப் பதில் எதுவும் சொல்லவில்லை. விடுதி அறையில் நண்பர்களிடம் வாங்கிய கைமாற்றுகளையும் உணவகத்துக்கு வைத்திருந்த பாக்கியையும் எழுதி, அந்த மாதத்திலேயே தீர்த்துவிட்டதாக அடுத்த வாரம் தொலைபேசியில் சொன்னான். விரலசைப்பது பற்றிய விவாதம் அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறதாம். அவன் தொழுதுவிட்டு வந்துவிடுகிறானாம்.

வஸிய்யத் செய்ய வேண்டிய ஏதேனும் உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று ஒரு ஹதீஸ் உண்டு. நானும் என் கணவரும் இப்போது எழுதி வைத்திருக்கிறோம். யாருக்கு என்ன தர வேண்டும், யாரிடமிருந்து என்ன வர வேண்டும், யாருடைய பொருள் நம்மிடம் இருக்கிறது, வங்கிக் கணக்குகள் எங்கே, நிலப் பத்திரங்கள் எங்கே, மூன்றில் ஒரு பங்குக்குள் எந்த அறச்செயலுக்கு எவ்வளவு என்பன அதில் உள்ளன. வாரிசாக உள்ளவருக்குத் தனியாக வஸிய்யத் எழுத முடியாது என்பதால், பிள்ளைகளுக்கு எதையேனும் கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் அதை இப்போதே கொடுத்துவிட வேண்டும். வங்கிக் கணக்கில் நியமனதாரராக என் மகனின் பெயர் இருக்கிறது. நியமனதாரர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், பணத்துக்கு உரிமையாளர் அல்லர் என்பதை அவனிடமும் அவன் தங்கையிடமும் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.